எந்தப் பக்கம் நிற்பது?

 

நாட்டு விடுதலையைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் தலைவர்களின் பெயர்களே முன்னால் வந்து நிற்கின்றன. சிறை சென்றோர், தூக்குமேடை ஏறியோர், பட்டம் துறந்தோர் ஆகியோரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நம் வாலிபர்கள் இப்போது வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். "எங்கள் பாட்டனார் கதர் கட்டவில்லை, சிறைக்கும் போகவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து மாதச் சம்பளம் வாங்கினார். அவர் தவறு செய்தவரா? மார்க்கப்படி அவர் எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும்?"

இது நல்ல கேள்வி. ஏனெனில் அன்றும் இன்றும் மக்களில் பெரும்பாலோர் தலைவர்களும் அல்லர்; துரோகிகளும் அல்லர். குத்தகை நிலத்தில் நாற்று நட்டவர், கடைத்தெருவில் தராசு பிடித்தவர், கப்பலேறிப் போய்ப் பினாங்கிலும் ரங்கூனிலும் பொருள் தேடியவர், பிள்ளைகளை வளர்த்த தாய்மார் ஆகியோரே அந்தப் பெரும்பாலோர். போராட்டம் அவர்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஒரு நாள் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "நீ யார் பக்கம்?" என்று கேட்டது. அதிகாரமும் ஆயுதமும் இல்லாத ஒரு சாதாரண மூமின் அந்த நேரத்தில் என்ன செய்யக் கடமைப்பட்டவன்? இதைத் தஞ்சைச் சீமையிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சிந்திப்போம்.

மரக்கிளையில் தொங்கிய உணவு

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சி. ராஜகோபாலாச்சாரியாரின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறிய ஒரு வாரத்துக்குப் பிறகு இது நடந்தது. வேதாரண்யம் கடற்கரையில் உப்பெடுப்பதே அவர்களின் நோக்கம். இடையிலிருந்த தூரம் சுமார் 150 மைல். தஞ்சை, கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என்று காவிரிப் படுகையின் ஊர்கள் வழியாக அந்தப் பாதை சென்றது. வேதாரண்யம் இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தாலும் அன்று தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்ததே.

ஜில்லாக் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். அவர் நடந்து செல்பவர்களைப் பிடித்து அடைக்கவில்லை. அதைவிடத் தந்திரமான வழியை மேற்கொண்டார். "இவர்களுக்கு உணவோ உறைவிடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்ற அறிவிப்பை ஊர் ஊராகப் பரப்பச் செய்தார். அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைவாசம் விதிக்கலாம். தலைவர்களோடு நடந்த போர் அந்த ஒரே உத்தரவால் அடுப்படிக்கு வந்துவிட்டது. வழிப்போக்கனுக்கு ஒரு பிடி சோறு போடுவதா, வேண்டாமா என்பதே ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வியாயிற்று.

மக்கள் என்ன செய்தார்கள்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே தம் இல்லத்தில் இடமளித்துச் சிறை சென்றார். அத்தனை துணிவு இல்லாத கிராமத்துக் குடியானவர்கள் வேறு வழி கண்டார்கள். சாலையோர மரங்களின் கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்க விட்டார்கள். ஆற்றங்கரை மணலில் பாத்திரங்களைப் புதைத்து வைத்து, இன்ன இடம் என்று தெரியும்படி அடையாளமும் வைத்தார்கள். கொடுத்தவர் இன்னார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. தொண்டர்களோ ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை.

ஏப்ரல் 28இல் அவர்கள் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் நாள் உப்பெடுத்த ராஜாஜி கைதானார். அவர்களுக்கு ஆதரவளித்த வேதரத்தினம் பிள்ளை சிறைப்பட்டதோடு தம் சொத்துக்களையும் இழந்தார். அதே ஊரில் வைரப்பன் என்ற நாவிதர் ஒருவர் இருந்தார். தாம் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் மிரட்டியும் வேலையை முடிக்க மறுத்துச் சிறை சென்றார். சொத்தோ செல்வாக்கோ இல்லாத அந்த மனிதருக்கு அவ்வூரில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

உப்பைப் பற்றி நம் மார்க்கம்

"உப்பு ஒரு சில்லறைப் பொருள், அதற்காகச் சட்டத்தை மீறலாமா?" என்று அன்றே சிலர் கேட்டார்கள். மதரஸாவில் ஹதீஸ் ஓதியவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று.

அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) என்னும் ஸஹாபி மஃரிப் என்ற இடத்திலுள்ள உப்பு நிலத்தைத் தமக்குத் தருமாறு அண்ணலாரிடம் வேண்டினார். அண்ணலாரும் வழங்கினார்கள். அவர் எழுந்து சென்ற பிறகு சபையிலிருந்த ஒருவர், அது உழைத்துத் தோண்டும் சுரங்கமன்று, வற்றாத ஊற்று நீரைப்போல எவரும் போய் அள்ளக்கூடியது என்று எடுத்துச் சொன்னார். உடனே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் இது பதிவாகியிருக்கிறது. உழைப்பில்லாமல் வெளிப்படையாகக் கிடைக்கும் இத்தகைய பொருள்களைத் தனியொருவர் உடைமையாக்கிப் பிறரைத் தடுக்கக் கூடாது என்று ஃபுகஹாக்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள்.

தமக்கென ஓர் அணுவும் ஒதுக்கிக்கொள்ளாத அண்ணலாரே வழங்கிய கொடையைத் திரும்பப் பெற்றார்கள் என்றால், கடலலை கொண்டுவந்து ஒதுக்கும் உப்பை ஏழை ஒரு கைப்பிடி அள்ளினால் குற்றம் என்று சட்டம் போட்ட அரசாங்கத்தைப் பற்றி என்ன சொல்வது? பணக்காரனும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பைத்தான் உண்கிறார்கள். ஆகவே உப்பு வரி ஏழையின் கஞ்சிக் கலயத்தின் மீதே அதிகமாகப் பாரமேற்றியது. கோரிக்கை நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

நியாயம் தெரிந்தும் தயங்கியது ஏன்?

நியாயம் இன்னதென்று தெரிந்துவிட்டால் பக்கம் சேர்வது எளிதென்று நினைக்கிறோம். உண்மையில் அப்படியில்லை. அன்றைய உலமாப் பெருமக்களே இதில் ஒரே கருத்தில் இருக்கவில்லை. ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் ஆங்கிலேயரை எதிர்த்து மால்டா தீவில் சிறையிருந்தார். ஆங்கிலேயப் படையில் பணிபுரிவது கூடாது என்ற தீர்மானத்துக்காக மௌலானா முஹம்மது அலி, ஷவ்கத் அலி, மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ முதலியோர் 1921இல் கராச்சி வழக்கில் தண்டனை பெற்றார்கள். அதே காலத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ போன்ற பேரறிஞர்கள் அந்த இயக்கத்தில் சேரவில்லை. இவர்கள் யாருமே உலக லாபத்துக்காகப் பேசியவர்கள் அல்லர்.

தயக்கத்துக்கு அனுபவமும் ஒரு காரணம். 1920ஆம் ஆண்டு ஹிஜ்ரத் இயக்கம் எழுந்தபோது வடநாட்டில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் வீடு வாசலை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஆப்கானிஸ்தான் நோக்கிப் புறப்பட்டார்கள். அவ்வளவு பேரைத் தாங்க முடியாமல் ஆப்கான் அரசு எல்லையை அடைத்தது. வழியில் மாண்டவர் பலர். திரும்பி வந்தவர்களுக்கோ நிலமுமில்லை, வீடுமில்லை. மேடையில் முழங்குவது ஒருவர். அதன் விலையைக் கொடுப்பது வேறொருவர். இதைப் பார்த்த குடும்பத் தலைவன் தயங்கினால் உடனே அவனைக் கோழை என்றுவிடலாமா?

தாயும் மகனும்

இந்த இடத்தில் நமக்கு வழிகாட்டுவது மக்காவின் ஓர் ஏழைக் குடும்பம். யாஸிர் (ரலி), அவர் மனைவி சுமைய்யா (ரலி), மகன் அம்மார் (ரலி) ஆகிய மூவரும் ஆதரிக்கக் கோத்திரமில்லாதவர்கள். குறைஷிகள் அவர்களைச் சுடுமணலில் கிடத்திச் சித்திரவதை செய்தார்கள். அன்னை சுமைய்யா (ரலி) கடைசி வரை இணங்கவில்லை, உயிரையே கொடுத்தார்கள். மகன் அம்மார் (ரலி) வேதனை தாளாமல் கொடுமைக்காரர்கள் கேட்ட வார்த்தையை வாயால் சொல்லிவிட்டு அழுதுகொண்டே அண்ணலாரிடம் வந்தார். "உம் உள்ளம் எப்படியிருக்கிறது?" என்பதுதான் அண்ணலார் கேட்ட கேள்வி. உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்கிறது என்றார். மீண்டும் வதைத்தால் மீண்டும் அப்படியே சொல்லித் தப்பித்துக்கொள்ளுமாறு அண்ணலார் அனுமதித்தார்கள். நிர்ப்பந்திக்கப்பட்டவன் மீது குற்றமில்லை என்ற கருத்துள்ள நஹ்ல் அத்தியாயத்தின் வசனமும் இவர் விஷயத்தில் இறங்கியதென விரிவுரையாளர்கள் கூறுவர்.

ஒரே வீடு, ஒரே கொடுமை. ஆனால் தாய் ஒரு வழியில் சென்றார், மகன் ஒரு வழியில் சென்றார். மார்க்கம் இருவரையும் ஏற்றுக்கொண்டது. தாயின் வழிக்கு "அஸீமத்" என்று பெயர். அது உறுதியின் உயர்ந்த நிலை. மகனின் வழிக்கு "ருக்ஸத்" என்று பெயர். அது பலவீனத்தை அறிந்த ரப்பு கொடுத்த சலுகை. அஸீமத்தைச் செய்தவரைப் போற்ற வேண்டும். ருக்ஸத்தைக் கைக்கொண்டவரைத் தூற்றக் கூடாது.

ஆனால் ருக்ஸத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். உயிருக்கு அஞ்சி நாவால் ஒரு சொல் சொல்லலாம். "அந்த நிரபராதியைக் கொல், இல்லையேல் உன்னைக் கொல்வேன்" என்று மிரட்டினாலோ, அவனைக் கொல்ல அனுமதியில்லை. இதில் எல்லா மத்ஹபுகளின் இமாம்களும் ஒன்றுபடுகிறார்கள். உன் உயிர் அவன் உயிரைவிட எந்த வகையில் உயர்ந்தது? தனக்கு வரும் தீங்கை இன்னொருவன் தலையில் தள்ளித் தப்பிப்பது ஷரீஅத்தில் கிடையாது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தஞ்சைச் சாலைக்குத் திரும்புவோம். கலெக்டர் உத்தரவைக் கேட்ட பிறகும் கதவைத் திறந்து சோறிட்டவர் அஸீமத்தின் பக்கம் நின்றார். இருட்டில் போய் மரக்கிளையில் பொட்டலத்தைக் கட்டியவர் அச்சத்தோடேயே நன்மை செய்தார். யாரிடமிருந்தும் நன்றி பெற வழியில்லாத நன்மை அது. அல்லாஹ்வின் திருப்திக்காகவே உணவளித்து, பிரதியுபகாரமோ நன்றியோ எதிர்பாராதவர்களைத் திருமறை புகழ்வதை இங்கு நினைவுகூரலாம். பிள்ளை குட்டிகளை எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டவர் ருக்ஸத்தைக் கைக்கொண்டார். பசியால் உயிர் போகும் நிலையில் ஒருவன் நின்றால் உணவளிப்பது கட்டாயக் கடமை. அத்தொண்டர்கள் அந்த நிலையில் இருக்கவில்லையாதலால் கதவைச் சாத்தியவரைப் பாவி என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை.

இம்மூவருக்கும் அப்பால் நான்காமவன் ஒருவன் எல்லாப் போராட்டங்களிலும் இருக்கிறான். எவரும் அவனை நிர்ப்பந்திக்கவில்லை. தாசில்தாரின் தயவுக்காகவோ பங்காளி மீதுள்ள பகைக்காகவோ, "இன்ன வீட்டில் சோறு வைத்தார்கள்" என்று காட்டிக் கொடுக்கிறான். தன்னை மறைத்துக்கொள்வது வேறு; பிறனைக் காட்டிக் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைத்தான் சாதாரண மனிதன் தாண்டக் கூடாது. எந்தக் கொடியின் கீழ் நின்றாய் என்ற கேள்விக்கு முன்பாகவே, உன்னால் எந்த அப்பாவிக்குத் தீங்கு வந்தது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சர்க்கார் உத்தியோகம் பார்த்த பாட்டனாருக்கும் இதுவே அளவுகோல். யூசுஃப் நபி (அலை) அவர்கள் ஈமான் கொள்ளாத மன்னரின் ஆட்சியில் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டு வாங்கி மக்களைப் பஞ்சத்திலிருந்து காத்தார்கள். எனவே சம்பளம் வாங்கினார் என்பது மட்டும் குற்றமாகாது. திருடனைப் பிடித்ததற்கும், ஆற்று மதகைக் கவனித்ததற்கும், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதற்கும் பெற்ற கூலி ஹலாலானதே. உப்பை மூடியிருந்த வெறுங்கையைத் தடியால் அடித்திருந்தால் அந்த அடிக்கு மட்டும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். "மேலதிகாரி சொன்னார்" என்ற பதில் அங்கே எடுபடாது. படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைக்கப்பட்டவனுக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது அண்ணலார் கற்றுத்தந்த விதி.

நியாயமான பக்கத்திலும் வரம்பு உண்டு

நியாயத்தின் பக்கம் சேர்ந்துவிட்டால் அதன் பிறகு எதைச் செய்தாலும் சரி என்ற எண்ணம் பொல்லாதது. வைரப்பன் தம் உழைப்பைக் கொடுக்க மறுத்தார். உழைப்பு அவருடையது, கூலி வேண்டாம் என்று சிறையையும் ஏற்றார். இதில் குறை காண இடமில்லை. ஆனால் இத்தகைய பகிஷ்காரம் வளர்ந்து, தாகத்தோடு வந்து நிற்கும் போலீஸ்காரனுக்குத் தண்ணீரும் கிடையாது, அவன் குழந்தைக்குப் பாலும் கிடையாது என்று நீண்டால் என்ன சொல்வது?

யமாமா நாட்டுத் தலைவர் ஸுமாமா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதும் மக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த தானியத்தை நிறுத்திவிட்டார். மக்காவாசிகளோ முஸ்லிம்களை மூன்றாண்டு காலம் கணவாயில் ஒதுக்கி வைத்து இலைகளைத் தின்னச் செய்தவர்கள். பழிக்குப் பழி என்றால் அதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் உண்டா? பசியால் வாடிய அவர்கள் உறவு முறையைச் சொல்லி எழுதியபோது, தானியத்தை விட்டுவிடும்படி அண்ணலார் உத்தரவிட்டார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியினின்று விலக்கிவிடக் கூடாது என்பதே திருமறையின் கட்டளை. அநியாயக்காரனான சகோதரனுக்கும் உதவி செய்ய வேண்டும், அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்ற நபிமொழியும் இதைத்தான் சொல்கிறது. நம் பக்கத்தான் தவறும்போது அவன் கையைப் பிடிக்க வேண்டியவர்கள் நாமே.

கடல் கடந்தவர்களின் சோதனை

உப்புப் போராட்டத்தில் நியாயம் தெளிவாக இருந்தது. எல்லாக் காலமும் அப்படியிராது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் போன்ற ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பத்தார் பிழைப்புக்காக மலேயாவிலும் பர்மாவிலும் இருந்தார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஒன்றுகூட்டி இந்திய தேசிய ராணுவத்தில் சேருமாறு அழைத்தார்கள். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகு தோட்டத் தொழிலாளரான தமிழர் பலரும் அதில் சேர்ந்தார்கள்.

அவர்கள் முன்னிருந்த தேர்வை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் தாய்நாட்டை அடிமைப்படுத்திய ஆங்கிலேயன். மறுபக்கம் விடுதலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஜப்பானியன். அவனோ அதே தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டுபோய் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கி, காலராவுக்கும் பட்டினிக்கும் பலி கொடுத்துக்கொண்டிருந்தான். சிப்பாய்களுக்கோ இன்னொரு முடிச்சும் இருந்தது: மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் செய்துகொடுத்த சத்தியம்.

வாக்குறுதியின் கனத்தை அறிய ஹுதைஃபா (ரலி) அவர்களின் வரலாறு போதும். அவரும் தந்தையும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷிகளிடம் சிக்கி, போரில் கலந்துகொள்வதில்லை என்று வாக்களித்து விடுதலை பெற்றார்கள். அது பத்ருப் போரின் நேரம். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேரே. அந்த நெருக்கடியிலும் அண்ணலார் அவ்விருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. வாக்கை நிறைவேற்றச் சொன்னார்கள். எனினும் வாக்கு என்பது அநீதிக்கு அரணாகிவிடவும் கூடாது. ஒரு சத்தியத்தைவிடச் சிறந்த நன்மை தென்பட்டால் நன்மையைச் செய்து சத்தியத்துக்குப் பரிகாரம் செய்யுமாறு ஏவியவர்களும் அண்ணலாரே.

ஆகவே சத்தியத்தைக் காத்துக் கைதி முகாமில் துன்பப்பட்டவரையும், சொந்த மண்ணை அடிமைப்படுத்தும் மன்னருக்குச் செய்த சத்தியம் தம்மைக் கட்டாது என்று கருதிப் படை மாறியவரையும் நாம் துரோகி என்று சொல்லத் துணிவதில்லை. இருவரும் அல்லாஹ்வுக்கு அஞ்சி முடிவெடுத்திருந்தால் இருவருக்கும் அவனிடம் இடமுண்டு. ரயில் பாதைக்குத் தப்பவென்றே சேர்ந்த ஏழையை அவன் நிர்ப்பந்தம் காக்கும். எந்தப் பக்கம் வெல்லும் என்று காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவனுக்கோ அவன் தேடிய உலகமே கூலி. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை அல்லவா?

நடுவில் நிற்பது

"எனக்கேன் வம்பு? நான் எந்தப் பக்கமும் இல்லை" என்பாரும் உண்டு. இரு தரப்பும் மண்ணுக்காகவும் பதவிக்காகவும் மோதும்போது ஒதுங்கியிருப்பது சிறப்பு. பித்னாக் காலத்தில் நிற்பவனைவிட உட்கார்ந்திருப்பவன் மேல் என்பது ஹதீஸின் கருத்து. ஆனால் ஒருவன் மிதிக்கிறான், மற்றவன் மிதிபடுகிறான் என்றால் அங்கே நடு என்று ஓர் இடமில்லை. தீமையைக் கையால் தடு, இயலாவிட்டால் நாவால் தடு, அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறு என்று மூன்று படிகளை அண்ணலார் வைத்தார்கள். கடைசிப் படியே ஈமானின் பலவீனமான நிலை; நான்காவது படி கிடையாது. நாங்கள் பலவீனர்கள் என்று சாக்குச் சொன்னவர்களை அந்நிஸா அத்தியாயம் கண்டிக்கிறது. அதை அடுத்தே, உண்மையிலேயே வழியொன்றும் அறியாத ஆண்கள், பெண்கள், சிறுவர்களுக்கு அது விலக்களிக்கிறது. மெய்யான பலவீனமும் உண்டு. வசதியான பலவீனமும் உண்டு. நம்முடையது எது என்பதை நம் உள்ளம் அறியும். அதைப் படைத்தவன் நன்கறிவான்.

நம் வீடுகளுக்கு

நம் வாலிபர்கள் பாட்டனாரின் வழக்கைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. சென்றுபோன சமுதாயத்தார் சம்பாதித்தது அவர்களுக்கு, நாம் சம்பாதிப்பது நமக்கு என்பதே திருமறை தரும் தீர்ப்பு. அவர்களுக்காக துஆச் செய்வோம். நம் வழக்கு இனிமேல்தான் வரவிருக்கிறது.

வெள்ளைக்காரன் போய்விட்டான். பக்கம் சேரும் சோதனை போகவில்லை. மஹல்லாத் தகராறில், சொத்துப் பங்கீட்டில், கூலிக்காரனுக்கும் முதலாளிக்கும் இடையே, அண்டை வீட்டுக்கு அநியாயம் நடக்கும்போது அது நம் வாசலுக்கு வருகிறது. அப்போது நான்கு கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வோம். மிதிபடுபவர் யார்? என்னால் கூடியது எவ்வளவு? என் அச்சத்துக்கு விலையாக வேறொருவரைக் கொடுக்கிறேனா? என் பக்கத்தான் வரம்பு மீறினால் தடுப்பேனா?

வெளிப்படையாகக் கதவைத் திறக்கும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இருட்டில் ஒரு பொட்டலத்தை மரத்தில் கட்டிவிட்டு வர எவராலும் முடியும். வல்ல நாயன் உண்மையை உண்மையாக நமக்குக் காட்டி அதன் பக்கம் நிற்கவும், நிற்கும்போது நீதி தவறாதிருக்கவும், எந்த அப்பாவியின் கண்ணீருக்கும் நாம் காரணமாகாதிருக்கவும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.